தொண்டையில் ஒரு கல்பாக்கம்: வளர்ப்போர் கையேடு

மாடித்தோட்டம் போடக் கையேடு இருக்கிறது. வண்ணமீன் வளர்க்க இருக்கிறது. காளான் வளர்க்கப் பயிற்சி வகுப்பே நடத்துகிறார்கள். ஆனால் விதை, உரம், இடம், ஈரம் எல்லாவற்றையும் நாமே கொடுத்து, நமக்கே தெரியாமல் வளர்க்கிற ஒரு பொருளுக்குத் தமிழில் முறையான கையேடு இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இது.

பொருள்: டான்சில் கல். நிறம்: வெண்ணெய், சிலருக்கு இளமஞ்சள். அளவு: அரிசி நொய்யிலிருந்து துவரம்பருப்பு வரை. மணம்: போகப் போகத் தெரியும்.

ஆசிரியரின் தகுதி: நான் சதுரங்கப்பட்டினத்துக்காரன். ஒட்டினாற்போல் கல்பாக்கம், பெயரிலேயே கல். வடக்கே கொஞ்ச தூரத்தில் மாமல்லபுரம், தொழிலே கல். இப்படிப்பட்ட இடத்தில் குடியிருந்துகொண்டு நான் மட்டும் சும்மா இருக்க முடியுமா? எட்டு வருடம் தொண்டையில் வளர்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இடத் தேர்வு

கண்ணாடி முன் நின்று வாயை 'ஆ' என்று திறங்கள். நடுவில் தொங்குவது உள்நாக்கு. பலர் அதைத்தான் டான்சில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "உள்நாக்கு வளர்ந்துடுச்சு, எடுத்துட்டோம்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லப்படும் பிள்ளைகளின் உள்நாக்கு இன்றைக்கும் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும், போனது டான்சில். உள்நாக்குக்கு இரண்டு பக்கமும், தொண்டைச் சுவரில் பாதாம்பருப்பு வடிவத்தில் இரண்டு சதைத் திரட்சிகள் தெரிகின்றனவா? அதுதான் நம் நிலம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். டச்சுக்காரர்கள் விட்டுப்போன செங்கல் கோட்டை ஒன்று எங்கள் கடற்கரையில் நிற்கிறது. மஸ்லின் துணியைக் கப்பலேற்றிய காலத்தில், கடல்வழியே வருகிறவன் வியாபாரியா எதிரியா என்று கண் வைத்த இடம். டான்சிலும் அந்த வேலைதான் செய்கிறது. வாய்வழியே, மூக்குவழியே வருகிற கிருமியை வாசலிலேயே தொட்டுப் பார்த்து, உள்ளே தகவல் அனுப்புகிற காவல். மூக்குக்குப் பின்னாலும் நாக்கின் அடிவாரத்திலும் இதே காவல் சதை இருக்கிறது. எல்லாம் சேர்ந்து தொண்டையைச் சுற்றி ஒரு மதில். அதற்கு ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ஒருவரின் பெயரால் வால்டையர் வளையம் என்று பெயர்.

கோட்டை என்றால் கிடங்கும் பொந்தும் இருக்க வேண்டுமே? இருக்கின்றன. ஒவ்வொரு டான்சிலிலும் ஏறத்தாழ 10 முதல் 20 குழிகள். வாசல் ஊசித்துளை போல. உள்ளே போனால் கிளை பிரிந்து ஓடும். கிருமியை நிறைய இடத்தில் உரசிப் பார்க்க வேண்டும் என்பதற்காக இயற்கை தோண்டியவை. சிறுவயதில் காவல் மும்முரமாக நடக்கும். வயது ஏறினால் டான்சில் சுருங்கும், குழிகள் மிஞ்சும். 1781-ல் ஆங்கிலேயர் பிடித்த பிறகு எங்கள் கோட்டைக்கு நேர்ந்த கதி அதற்கும் நேர்கிறது: சிப்பாய் போய்விட்டான், அறைகள் இருக்கின்றன. காலியாகக் கிடக்கிற இடத்தில் என்ன சேரும் என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தேவையான பொருட்கள்

உதிர்ந்த தோல் செல்கள்: தேவையான அளவு (தொண்டையே உதிர்த்துக் கொடுக்கும்)
சாப்பாட்டுத் துணுக்கு: ஒரு சிட்டிகை
எச்சில்: குறைவாக, பிசுபிசுப்பாக
மூக்கிலிருந்து பின்பக்கமாக இறங்கும் சளி: கிடைத்தால் நல்லது
காற்றுப் படாத இடத்தில் வாழும் கிருமிகள்: தாராளமாக
கால்சியம்: எச்சிலில் இருப்பதே போதும்

செய்முறை

படி 1. இரவில் பல் துலக்காதீர்கள். காலையில் துலக்கினீர்களே, அது என்ன ஆயிற்று? ஆலையும் வேலையும் முறித்துப் பல் விளக்கிய மூதாதையர் ஒருநாளைக்கு ஒருமுறைதானே விளக்கினார்கள் என்று வாதாடுங்கள். அவர்கள் ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டதில்லை என்பதை யாராவது நினைவுபடுத்தினால் பேச்சை மாற்றுங்கள்.

படி 2. நாக்கை வழிக்காதீர்கள். பாட்டிமார் தென்னை ஈர்க்கைப் பிளந்து, வளைத்து, நாக்கின் அடிவரை வழித்துத் துப்புவார்கள். நாமோ செல்லாத பத்திரத்தைப் பார்த்து "நாக்கு வழிக்கத்தான் ஆகும்" என்கிறோம். நாக்கு வழிப்பதை அவ்வளவு இளக்காரமாக நினைக்கிற சமூகம் கல் வளர்ப்புக்கு ஏற்ற சமூகம்.

படி 3. தண்ணீரைக் குறையுங்கள். எச்சில்தான் வாயைக் கழுவுகிற வாய்க்கால். அது வறண்டால் குப்பை அங்கேயே நிற்கும். சித்திரை வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் பைக் ஓட்டிவிட்டு, டீயும் சிகரெட்டும் மட்டும் எடுத்துக்கொண்டால் பலன் சீக்கிரம் தெரியும்.

படி 4. வாயால் மூச்சு விடுங்கள், முக்கியமாகத் தூக்கத்தில். மூக்கடைப்பைக் கவனிக்கவே கவனிக்காதீர்கள்.

படி 5. அடிக்கடி தொண்டை புண்ணாகி டான்சில் வீங்கினால், மருந்துக்கடையில் "ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கி விழுங்குங்கள். ஒவ்வொரு வீக்கமும் குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்க உதவும்.

படி 6. காத்திருங்கள். குழிக்குள் சேர்ந்த குப்பையின்மேல் கிருமி குடியேறும். எச்சிலில் இருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும் மெல்லப் படியும். கல் என்கிறோமே தவிர, பெரும்பாலும் அமுக்கினால் மசிகிற பாலாடைக்கட்டிதான். நாள்பட்டவை மட்டுமே கடினமாகும். 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த கற்களுக்குள் நுண்ணிய மின்முனைகளைச் செலுத்திப் பார்த்தார்கள். வெளி அடுக்கில் இருக்கிற கிருமிகள் ஆக்ஸிஜனைத் தின்று தீர்க்க, உள் அடுக்குகளில் ஆக்ஸிஜன் இல்லாமலே பிழைக்கிறவை வேலை பார்த்துக்கொண்டிருந்தன. பல்லில் படிகிற காரையைப் போலவே உயிருள்ள ஒரு குடியிருப்பு. கல்பாக்கத்தில் நகரியம் இருக்கிறது, உங்கள் தொண்டையிலும் ஒன்று.

பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தில் சங்கு தீர்த்தம் என்ற குளம் உண்டு. அதில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது ஐதீகம். ஊரே திரண்டு போய் வணங்கும். மேற்கண்ட ஆறு படிகளையும் ஒழுங்காகச் செய்கிறவர் தொண்டையில் வாரம் ஒன்று பிறக்கும். திரண்டு வருகிற கூட்டம்தான் இருக்காது.

மணம்

கல்லில் குடியிருக்கிற கிருமிகள் புரதத்தைச் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் கிளம்புகின்றன. ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை வாடை. இன்னொன்று மெத்தில் மெர்காப்டன். இதன் குடும்பம் உங்களுக்குப் பழக்கமானதுதான். சமையல் எரிவாயுவுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்று எத்தில் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். அதன் தங்கைதான் உங்கள் வாயில் இருப்பவள். சிலிண்டர் கசிந்தால் வீடே ஓடிவந்து ஜன்னலைத் திறக்கிறது. நீங்கள் கசிந்தால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

கல் வளர்ப்பின் வெற்றி ரகசியமே இதுதான். கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று நக்கீரர் சிவனோடு மல்லுக்கு நின்ற மொழி இது. நெற்றிக்கண்ணுக்கே அவர் பயப்படவில்லை. நாமோ எதிர் இருக்கைக்காரரிடம் "சார், கொஞ்சம் வாய் கப்படிக்குது" என்று சொல்லப் பயந்து, பத்து வருடமாக நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறோம். சுவர் வந்ததும் இடமாற்றத்துக்கு மனுப் போடுகிறோம்.

தெரிந்துகொள்ளாமல் இருப்பது எப்படி?

இதற்கு முயற்சியே வேண்டாம். ஒரே வாடையில் இருந்தால் மூக்கு அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடும். கருவாட்டுக் கிடங்கில் இருப்பவருக்குக் கருவாடு மணப்பதில்லை. உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பாருங்கள், ஒன்றும் தெரியாது. திருப்தியாகக் கிளம்புங்கள்.

2020-ல் மட்டும் நம் தொழிலுக்கு ஒரு நெருக்கடி வந்தது. முகக்கவசம் போட்ட மனிதன் வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் வாய்க்காற்றைத் தானே சுவாசித்தான். பலர் கவசம்தான் சரியில்லை என்று கடையில் வேறு வாங்கினார்கள். அப்படியாக ஆபத்து விலகியது.

மணிக்கட்டை நாக்கால் நக்கி, பத்து நொடி உலர விட்டு, முகர்ந்து பார்க்கவே பார்க்காதீர்கள். ஓரளவு உண்மை தெரிந்துவிடும். அதைவிட ஆபத்தானது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது. நாற்றம் என்ற சொல் நல்ல மணத்தைக் குறித்த காலத்தில், ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் மாதவனின் வாய் எப்படி மணக்கும் என்று விசாரிக்கிறாள். யாரிடம்? வெண்சங்கிடம். அவன் வாயில் தினமும் ஒட்டி இருப்பது அதுதானே! வாயருகே இருப்பவரைக் கேட்டால்தான் தெரியும் என்ற விவரம் ஆண்டாளுக்கு இருந்தது. உங்களுக்கு வேண்டாம்.

மறைக்கும் கலை

ஏலக்காய், கிராம்பு, சோம்பு, புதினா மிட்டாய் என்று எதையாவது வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். மெர்காப்டனோடு ஏலக்காய் சேர்ந்தால் பாயசம் கெட்டுப்போன வாடை வரும். பரவாயில்லை, விருந்து நினைவாவது வரும். பாட்டிலில் வாய் கொப்பளிக்கும் திரவமும் உண்டு. லிஸ்டரின் 1879-ல் அறுவைச்சிகிச்சைக்கான கிருமிநாசினியாகப் பிறந்தது. 1920-களில்தான் அதை விற்றவர்கள் வாய்நாற்றத்துக்கு 'ஹாலிட்டோசிஸ்' என்ற மருத்துவப் பெயரை விளம்பரத்தில் ஊர் ஊராகப் பரப்பினார்கள். சாராயம் கலந்த திரவமாகப் பார்த்து வாங்குங்கள். வாயை உலர்த்தும், படி 3-க்கு உதவும். கொப்பளித்தாலும் குழியின் அடிவரை போகாது.

1782 பிப்ரவரி 17-ஆம் தேதி எங்கள் ஊர்க் கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதிக்கொண்டார்கள். பீரங்கிகள் முழங்கின, பாய்கள் கிழிந்தன. இரு தரப்பிலும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஏலக்காய்க்கும் கல்லுக்கும் நடக்கிற யுத்தமும் அதே மாதிரிதான்.

பயன்கள்

ஷேர் ஆட்டோவில் ஏறியதும் ஒரு கொட்டாவி விட்டால் தாராளமாக இடம் கிடைக்கும். கடன் கேட்டு வருபவர் சீக்கிரம் எழுந்துவிடுவார். ஊர்ப்பெயருக்கு ஏற்ற பயனும் உண்டு. 2022-ல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. ஒரு பலகை அகலத்தில் இருவர் மணிக்கணக்காக முகத்துக்கு முகம் உட்கார்ந்திருக்கும் ஆட்டம் அது. தொண்டையில் கல் உள்ளவன் "செக்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிரே ராஜா தானாக நகர்ந்துவிடும். இந்த உத்தியை எந்தப் பயிற்சியாளரும் இன்னும் புத்தகத்தில் சேர்க்கவில்லை.

அறுவடை

இருமும்போதோ தும்மும்போதோ சில கற்கள் தாமாக வந்து விழும். முதல் கல் விழுந்த அன்று பல் உடைந்துவிட்டதோ என்று பதறி நாக்கால் ஒவ்வொரு பல்லாக எண்ணினேன். பிறகு அதை விரலில் நசுக்கி முகர்ந்து பார்த்தேன். மனிதன் தன் ஆர்வத்துக்கு எதற்கு ஒரு எல்லை வைக்க வேண்டும் என்று அன்று புரிந்தது.

வராத கல்லை ஊக்கு, ஹேர்பின், பல்குத்தும் குச்சி கொண்டு நோண்டுவது வீரர்களின் வழி. இந்த இடத்தில் மட்டும் கிண்டலை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்: செய்யாதீர்கள். டான்சிலுக்கு ரத்த ஓட்டம் அதிகம், கிழிந்தால் கொட்டும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய தமனி டான்சிலுக்குப் பின்னால் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில்தான் ஓடுகிறது. மாமல்லபுரத்துச் சிற்பி உளியை எடுப்பதற்கு முன் பல வருடம் கற்றுக்கொள்கிறார். நீங்கள் கைப்பேசி வெளிச்சத்தில், ஒற்றைக் கையால், குமட்டிக்கொண்டே உளி பிடிக்கிறீர்கள்.

வாசகர் சந்தேகங்கள்

கேள்வி: வாய்நாற்றம் வயிற்றுச் சூட்டால் வருகிறது என்கிறார்களே?
பதில்: அருமையான சாக்கு, விட்டுவிடாதீர்கள். உணவுக்குழாய் சும்மா இருக்கும்போது சுருங்கி மூடியே இருக்கும்; வயிற்றுக்காற்று ஏப்பத்தில்தான் மேலே வரும். வாய்நாற்றத்தில் பெரும்பங்கு வாயிலேயே, நாக்கின் பின்புறப் படிவிலும் ஈறு நோயிலும் பிறக்கிறது. டான்சில் கல் அந்தக் கூட்டத்தில் சிறு பங்காளிதான். ஆனால் பல் துலக்கி நாக்கு வழித்தும் வாடை போகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டிய பங்காளி.

கேள்வி: பல், நாக்கு, தொண்டை எல்லாம் சுத்தம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். ஆனாலும் நாறுகிறது என்றே தோன்றுகிறது.
பதில்: நாறுகிறவருக்குத் தெரிவதில்லை, நாறாத சிலருக்குச் சந்தேகம் தீர்வதில்லை. அந்தப் பயமே ஒரு நோய், அதற்கும் சிகிச்சை உண்டு.

கேள்வி: கல் தொண்டையில், வலி காதில். ஏன்?
பதில்: டான்சிலுக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன. வீட்டு மணியை யார் அடித்தார்கள் என்று மூளைக்குக் குழப்பம்.

கேள்வி: தொக்கம் எடுத்தால் போகுமா?
பதில்: குழாய் வைத்து ஊதி, என்றைக்கோ தின்ற முட்டைத்துண்டு என்று ஒன்றை உள்ளங்கையில் காட்டுவார்கள். கல் அதே குழியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

கேள்வி: டான்சிலையே எடுத்துவிட்டால்?
பதில்: குழி இல்லை, கல் இல்லை. ஆனால் வளர்ந்தவர்களுக்கு அது பத்துப் பதினைந்து நாள் எச்சில் விழுங்கவே அழவைக்கிற வலி. ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. லேசர் முதலியவற்றால் குழி வாயை மட்டும் சமப்படுத்தும் முறைகளும் இருக்கின்றன. மருத்துவர்கள் இவற்றைக் கடைசியில்தான் எடுப்பார்கள். நாக்கில் இருக்கிற நாற்றத்துக்கு டான்சிலைப் பலி கொடுத்து என்ன பயன்?

கேள்வி: ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. கல்தானே?
பதில்: இதற்குக் கையேட்டில் இடமில்லை. ஒரு பக்க வீக்கம், விழுங்கச் சிரமம், ரத்தம், கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைதல் என்றால், புகையிலை போடுகிறவர்கள் குறிப்பாக, காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்கள்.

வளர்ப்பைக் கைவிட நினைக்கும் கோழைகளுக்கு

கோழைகள் என்பதை இரண்டு பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம். வழி அவமானகரமான அளவுக்குச் சுலபம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு. தலையை அண்ணாந்து, தொண்டையில் களகளவென்று சத்தம் வரும்படி கொப்பளித்துத் துப்புங்கள். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும். இரவிலும் பல் துலக்குங்கள், நாக்கை அடிவரை வழியுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூக்கடைப்புக்கு வைத்தியம் பாருங்கள். சிறு கற்கள் தாமாகக் கழன்றுவிடும். விடாப்பிடியாக இருப்பதை மருத்துவர் எடுத்துவிடுவார். மாமல்லபுரத்துப் பாறைச் சரிவில் வெண்ணெய் உருண்டை என்ற ஒரு கல் நிற்கிறது. 1908-ல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அது அசையவில்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். உங்கள் வெண்ணெய் உருண்டைக்கு யானை வேண்டாம், உப்பு போதும்.

ஒரு எச்சரிக்கை

இந்த வளர்ப்புக்கு ஒரே எதிரி, உள்ளதைச் சொல்கிற மனிதர்கள். என் எட்டு வருடத் தொழில் அப்படி ஒருவரால்தான் அழிந்தது. சாயங்காலம், குப்பத்து மீன் கடை. சங்கரா மீன் விலையைக் குறைக்கச் சொல்லிக் குனிந்து பேசிக்கொண்டிருந்தேன். மீன்காரம்மா மூக்கைச் சுளித்துப் பின்னால் சாய்ந்தார். "இன்னா தம்பி, வாய்ல கருவாடு காய வெச்சிருக்கியா? வூட்ல யாரும் சொல்லலியா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாளெல்லாம் மீன் நடுவில் இருப்பவருக்கே தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டேன். "எட்டு வருஷமா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுக்கறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?" என்றாள். கடல்காற்றுக்கு என்று நினைத்திருந்தேன்.

அன்று வாங்கிய மீனை, எப்போதும் போல, செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கியிருந்தேன். செக்கச்செவேல் என்று இருந்தது. பிற்பாடு ஒரு விஷயம் படித்தேன். கருவில் மீனுக்கும் மனிதனுக்கும் தொண்டையின் இருபுறமும் வரிசையாகச் சிறு பைகள் தோன்றுகின்றன. மீனில் அவை திறந்து செவுளாகின்றன. மனிதனில் அவற்றின் இரண்டாவது பையிலிருந்துதான் டான்சில் குழி அமைகிறது. முந்நூறு ரூபாய் மீனுக்குத் தவறாமல் தூக்கிப் பார்த்த இடத்தை, எனக்கு நானே ஒருமுறைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை.

நிற்க. மீன்காரம்மாவின் வாய் எனக்கு இன்னும் வரவில்லை. என் அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், என் நாற்காலி சுவரைத் தொட்டு ஆறு மாதமாகிறது. நேரில் சொல்ல முடியாததால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். அச்சானதும் இந்தப் பக்கத்தை மடித்து அவர் மேசையில் வைக்கப் போகிறேன்.

இந்த இதழ் உங்கள் மேசையிலும் இதே பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தால், யார் வைத்தது என்று தேடாதீர்கள். சொல்லத் தைரியம் இல்லாத யாரோ ஒருவர். ஆனாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளாதவர்.